அறிகை விஞ்ஞானத்தில் முழு நிதியுடன் வெளிநாட்டு பிஎச்டி: வன்னியிலிருந்து விண்ணப்பிக்க எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் கடைசியில் எனக்கு ஒரு செய்தி வரும். "அண்ணா, ஐஈஎல்டிஎஸ் 7 எடுத்திட்டன். இனி எங்க அப்ளை பண்ணலாம்?" கிளிநொச்சியிலிருந்து வரும், வவுனியாவிலிருந்து வரும், ஒருமுறை ஒட்டுசுட்டானிலிருந்தும் வந்தது. கேட்பவர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் முடித்துவிட்டு, முதலில் செய்திருக்க வேண்டியதைத் தொடாமலே, டிசம்பருக்கு 5 கிழமை இருக்கும்போது வந்து நிற்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன். 9 இடத்துக்குப் போட்டேன், ஒன்றும் சரிவரவில்லை. அடுத்த வருடம் ஒழுங்கை மாற்றி 6 இடத்துக்கு மட்டும் போட்டேன், 2 நேர்காணல் வந்தது, ஒன்று கிடைத்தது.

மாற்றிய ஒழுங்கு இதுதான். பிறர் கையில் உள்ள வேலைகளை முதலில் தொடங்க வேண்டும், அவர்களை அவசரப்படுத்த நம்மால் முடியாது. நம் தலையால் செய்யவேண்டியது நடுவில். காலாவதியாகக் கூடியது கடைசியில். பெரும்பாலான விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியில் மூடும் என்பதால் பெப்ரவரியில் தொடங்குகிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. உங்கள் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும் என்று முதலில் பாருங்கள்

அறிகை விஞ்ஞானம், அதாவது கொக்னிடிவ் சயன்ஸ், மனம் எப்படி அறிகிறது, நினைக்கிறது, மொழியைக் கையாள்கிறது என்று ஆராயும் துறை. அதற்கு உளவியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. கணினி, மொழியியல், மெய்யியல், உயிரியல், பௌதிகம், பொறியியல், மருத்துவம் என்று எங்கிருந்தும் வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவருக்குக் கணிப்பு மாதிரிகள் பக்கம், அதாவது மனதின் வேலையைக் கணினியில் மாதிரியாக்கும் பக்கம், போவது சிலவேளை உளவியல் படித்தவரை விடச் சுலபம்.

படித்த வருடங்கள்தான் முக்கியம். 4 வருடச் சிறப்புப் பட்டம் இருந்தால் அமெரிக்காவில் நேரடியாக பிஎச்டிக்குப் போடலாம். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்கள் முதுமாணி கேட்கும். ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஸ்கூல் ஒஃப் கொக்னிஷன் போன்ற சில இளமாணியோடும் எடுக்கும். 3 வருடப் பொதுப் பட்டம் மட்டும் என்றால் இந்த வழிகாட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிதியுள்ள முதுமாணி ஒன்றைத் தேடுங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில் அதற்கு நல்ல இடம். பொதுப் பட்டத்தோடு நேரே பிஎச்டிக்குப் போட்டு ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஜிபிஏயை அவர்களுடைய முறைக்கு நீங்களாக மாற்றி எழுத வேண்டாம். 4-க்கு 3.42 என்றால் அப்படியே எழுதி, செக்கண்ட் அப்பர் என்றும் போடுங்கள். மாற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை, உங்கள் கணக்குப் பிழைத்தால் அது பொய் மாதிரித் தெரியும்.

2. பெயரும் பத்திரமும் (பெப்ரவரி, மார்ச்)

நம் பகுதியில் அதிகம் பேர் இடறுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், சாதாரண தரச் சான்றிதழில் இன்னொன்று, பட்டத்தில் மூன்றாவது. முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடக்குறைய இருந்ததால், பரிந்துரைக் கடிதம் ஒரு பெயரிலும் பெறுபேறு இன்னொரு பெயரிலும் போய், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுதுவதிலேயே 2 கிழமை போயிற்று.

கடவுச்சீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதையே எல்லா விண்ணப்பத்திலும் குடும்பப் பெயராகப் போடுங்கள், அது உங்கள் அப்பாவின் பெயராக இருந்தாலும் சரி. பரிந்துரைப்பவர்களுக்கும் அதே எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்றால் இப்போதே பதிவாளர் பகுதியில் திருத்தச் சொல்லுங்கள். அச்சாகிவிட்டால் சத்தியக் கடதாசி ஒன்று எடுத்து வைத்தால் போதும். கடவுச்சீட்டே இல்லாதவர்கள் உடனே போட வேண்டும், அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது.

இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தவர்கள் பதற வேண்டாம். பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீண்டும் எடுக்கலாம், பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நேரம் எடுக்கும். தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், நீங்களே மொழிபெயர்த்தது செல்லாது.

பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பட்டியலை இந்த மாதத்திலேயே கேளுங்கள். எனக்கு அது கைக்கு வர 11 கிழமை எடுத்தது, எங்கே என்று சொல்லத் தேவையில்லை. கேட்கும்போதே நாலைந்து பிரதியும், ஆங்கில மொழிமூலம் படித்தீர்கள் என்ற கடிதமும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள், இரண்டாம் முறை போவது முதல் முறையை விடக் கஷ்டம்.

இங்கே செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சிப்படுத்தலை இப்போதே எல்லாவற்றுக்கும் எடுக்க ஓடாதீர்கள். விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்த பிரதிதான் பெரும்பாலும் கேட்பார்கள். இடம் கிடைத்த பிறகு தேவைப்பட்டால் யாழ்ப்பாணத்தில் உள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் எடுக்கலாம். அதேபோல, ஜேர்மனிக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விப் பத்திரங்களைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும் என்று இந்திய யூடியூப் காணொளிகளில் சொல்வது இந்தியர்களுக்கு. இலங்கையருக்கு அது இல்லை. ஒரு தம்பி அதைத் தேடி ஒரு மாதம் அலைந்தார்.

3. ஒரு கேள்வியைப் பிடியுங்கள் (மார்ச் முதல் ஜூன் வரை)

அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். "மனித மூளை எப்படி வேலை செய்கிறது என்று அறிய எனக்கு ஆர்வம்" என்பது கேள்வியில்லை. "போரால் பாதிக்கப்பட்டவர்களின் நினைவாற்றல்" என்பதும் இன்னும் கேள்வியாகவில்லை, அது ஒரு தலைப்பு. கேள்வி என்றால், பதில் எப்படி வந்தால் நான் பிழை என்று ஒத்துக்கொள்வேன் என்பது அதற்குள்ளேயே தெரிய வேண்டும்.

ஒரு உதாரணம். தமிழில் 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் வருகிறது, ஆனால் வாயில் 'க்' முதலில், 'எ' பிறகு. கண் பார்க்கிற ஒழுங்கும் காது கேட்கிற ஒழுங்கும் இங்கே மாறியிருக்கின்றன. 'கா' என்பதில் இரண்டும் ஒன்றாகவே போகின்றன. அப்படியென்றால் 'கெ' உள்ள சொற்களை வாசிக்கக் கூடுதல் நேரம் எடுக்குமா? இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் எடுக்குமா, பெரியவருக்கும் எடுக்குமா? தேவநாகரியில் குறில் இகரக் குறி இதேபோல் இடப்பக்கம் வரும். அதை வைத்து ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா ஆகியோர் 2002-இல் இந்தி வாசிப்பில் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு முன்னோடி இருக்கிறது, அளக்கும் வழி இருக்கிறது, தமிழுக்கென்று தனியாகச் சொல்லவும் ஏதோ இருக்கிறது. இப்படி ஒன்று கையில் இருந்தால் யாரோடும் கதைக்கலாம்.

இன்னொன்று திசைச் சொற்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் "கிணத்துக்கு மேற்குப் பக்கம்" என்பார்கள், கொழும்பில் வளர்ந்த பிள்ளை "கிணத்துக்கு லெஃப்ட்டில" என்னும். எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் செய்த ஆய்வுகள் கிராமத்தவருக்கும் நகரத்தவருக்கும் இடையே இதே வேறுபாட்டைப் பார்த்தன. அந்த வரிசை ஆய்வுகளின் மையமாக இருந்தது நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம். வாசித்துப் பாருங்கள், ஊரில் சாதாரணமாகக் காதில் விழுவதெல்லாம் ஆய்வுப் பொருள் என்பது விளங்கும்.

வாசிப்பதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கொக்னிடிவ் சயன்ஸ் சொசைட்டியின் வருடாந்த மாநாட்டுக் கட்டுரைகள் இலவசம், சைஆர்க்கைவ் என்ற உளவியல் தளத்தில் முன்பதிப்புகள், அதாவது இதழில் வர முன் பகிரும் கட்டுரைகள், இலவசம். 20 கட்டுரை மேலோட்டமாக வாசிப்பதை விட 5 கட்டுரையின் முறையியல் பகுதியை வரிக்கு வரி வாசிப்பது பலன் தரும்.

4. சிறிதாக ஒன்றைச் செய்து காட்டுங்கள் (மே முதல் ஓகஸ்ட் வரை)

ஆர்வம் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். தேர்வுக்குழு பார்ப்பது செய்ததைத்தான். பரிசோதனை நடத்த சைக்கோபை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஜேஎஸ்சைக் என்பது உலாவியிலேயே ஓடும். ஒரு பழைய மடிக்கணினியில் 30 மாணவர்களை வைத்து மேலே சொன்ன 'கெ', 'கா' பரிசோதனையைச் செய்துவிடலாம். தொடுதிரையில் மில்லிசெக்கன்ட் நேரம் நம்பத்தக்கதல்ல என்பதால் விசைப்பலகையில்தான் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டால் அதுவே நல்ல பதில்.

ஆட்களிடம் தரவு எடுக்க முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுங்கள். முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கேட்க முடியாது, அந்தத் தரவைப் பற்றிப் பேசவும் முடியாது. அதனால்தான் முதல் முயற்சிக்குச் சிறுவர்களையும் போரால் உளக்காயம் பட்டவர்களையும் தொட வேண்டாம் என்கிறேன். அந்த அனுமதி கடினம், கடினமாக இருப்பதும் நியாயம்.

ஆட்களே கிடைக்கவில்லையா? ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வேர்க்) தளத்தில் பிறர் திறந்து வைத்த தரவு கிடக்கிறது. ஒன்றை எடுத்து 'ஆர்' அல்லது 'பைதன்' நிரல்மொழியில் அவர்களுடைய முடிவை மீண்டும் எடுத்துப் பாருங்கள். கணிப்புப் பக்கம் போகிறவர்களுக்கு நியூரோமாச் அக்கடமியின் கோடை வகுப்பு நல்லது, இணையத்திலேயே நடக்கும், கட்டணத்தை நாட்டின் வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பார்கள்.

5. இடம் தேடுங்கள்: இரண்டு வகைக் கதவு (ஜூலை முதல் செப்டம்பர் வரை)

பெயர் கேள்விப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதுதான் வழக்கமான பிழை. நீங்கள் வாசித்த அந்த 5 கட்டுரையை எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டியல் தானாக வரும்.

முதல் வகை வேலைவாய்ப்பு. நெதர்லாந்து, சுவீடன், ஜேர்மனியின் பல ஆய்வுகூடங்கள் இப்படித்தான் எடுக்கும். பிஎச்டி மாணவர் அங்கே சம்பளம் வாங்குகிற ஊழியர், நெதர்லாந்திலும் சுவீடனிலும் வழக்கமாக 4 வருடம், ஜேர்மனியில் பெரும்பாலும் பொதுத்துறைச் சம்பள அட்டவணையின் ஈ13 படியில் முழுநேரத்தின் 65 சதவீதமோ அதற்கு மேலோ. ஆய்வுத் திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அதற்கு நீங்கள் பொருந்துகிறீர்களா என்பதுதான் கேள்வி. விளம்பரம் வருடம் முழுக்க வரும், யுராக்செஸ், அக்கடமிக் டிரான்ஸ்ஃபர் தளங்களில் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கும் மரி கியூரி டொக்டரல் நெட்வொர்க் இடங்களுக்கு நாட்டுரிமைத் தடை இல்லை, கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் விதி. வன்னியிலிருந்து போடுபவருக்கு அது ஒரு தடையே இல்லை.

இரண்டாம் வகை கூட்டாக எடுக்கும் நிகழ்ச்சித்திட்டம். அமெரிக்கத் துறைகள், உதாரணமாக சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அறிகை விஞ்ஞானத் துறை, மாக்ஸ் பிளாங்க் ஸ்கூல், இத்தாலியில் திரியெஸ்தேயின் சீசா ஆய்வு நிறுவனம், றொவெரேத்தோவில் உள்ள திரெந்தோப் பல்கலைக்கழக மையம், வியன்னாவின் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வகை. இங்கே உங்கள் சொந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். முதல் வகைக்கு எழுதிய கடிதத்தை இதற்கும் அனுப்பினால் இரண்டிலும் தோற்பீர்கள், நான் தோற்ற 9-இல் பாதி அப்படித்தான் போனது.

நிதி என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். பயிற்சிக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, மருத்துவக் காப்புறுதி மூன்றும் உண்டா, எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள். அனுமதி தந்து காசு தராத கடிதம் வந்தால் அது கிடைக்காததற்குச் சமம். பிரித்தானியாவில் யூகேஆர்ஐ என்ற அரச ஆய்வு அமைப்பின் நிதியுள்ள இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பதால் போட்டி கடுமை. முகவர்கள் பிஎச்டி எடுத்துத் தர மாட்டார்கள், யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

6. பேராசிரியருக்கு மின்னஞ்சல் (செப்டம்பர், ஒக்டோபர்)

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி" என்பதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி 40 பேருக்கு அனுப்புவது நம்மவர் வழக்கம். நமக்கு அது மரியாதை, அவர்களுக்கு அது குப்பை அஞ்சல். கலாநிதி, பேராசிரியர் என்ற பட்டத்தோடு குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

150 சொல்லுக்குள் முடியுங்கள். முதல் வரியில் அவருடைய எந்த ஆய்வு உங்களை எந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது. பிறகு நீங்கள் செய்த சிறு வேலை இரண்டு வரி. பிறகு அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா என்ற ஒரே கேள்வி. ஒரு பிடிஎஃப் தன்விவரம் மட்டும் இணையுங்கள், சான்றிதழ்கள் வேண்டாம். மாணவர் எடுப்பதில்லை என்று ஆய்வுகூடப் பக்கத்தில் எழுதியிருப்பவருக்கு எழுதாதீர்கள், வாசிக்கவில்லை என்பது உடனே தெரியும். 2 கிழமையில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு விடுங்கள். எனக்கு 14-இல் 5 பதில் வந்தது, அதில் 2 "இல்லை".

7. பரிந்துரைக் கடிதங்கள் (செப்டம்பரில் கேளுங்கள்)

வழக்கமாக 3 வேண்டும். கிராம சேவகரின் நற்சான்றிதழும் அதிபரின் கடிதமும் இதற்கு உதவாது, உங்கள் ஆய்வு வேலையைப் பார்த்தவர்தான் எழுத வேண்டும்.

சேர் அல்லது மிஸ் சொல்லக்கூடும்: "நீரே எழுதிக் கொண்டு வாரும், நான் சைன் பண்ணுறன்." இது உதவி மாதிரித் தெரிந்தாலும் ஆபத்து. மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிப்பவருக்குப் பிடிபடும், நேர்மையும் இல்லை. மறுத்துச் சண்டை பிடிக்காமல், ஒரு பக்கத் தகவல் தாள் கொடுங்கள்: எந்தப் பாடம், எந்த ஆய்வு, அதில் எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள், அவர் அப்போது என்ன சொன்னார். எழுதுவது அவருக்குச் சுலபமாகும், கடிதத்திலும் "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்" என்பதற்குப் பதில் உண்மையான சம்பவம் வரும்.

அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுங்கள், ஜிமெயிலைச் சில இடங்கள் ஏற்காது. கடைசித் தேதியை 10 நாள் முந்திச் சொல்லுங்கள். இணைப்பு ஸ்பாமுக்குள் போயிருக்கும் என்று நேரில் போய்ச் சொல்வது மரியாதைக் குறைவல்ல.

8. ஆங்கிலப் பரீட்சை (ஓகஸ்ட், செப்டம்பர்)

ஐஈஎல்டிஎஸ், டோஃபல் இரண்டும் 2 வருடம்தான் செல்லும். சும்மா இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்கள் இரண்டாம் தடவை விண்ணப்பிக்கும்போது மறுபடி காசு கட்டுகிறார்கள். உங்கள் பட்டியல் ஓரளவு முடிந்த பிறகு, எந்தப் பரீட்சை, எத்தனை புள்ளி, ஆங்கில மொழிமூலக் கடிதம் போதுமா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். வீட்டிலிருந்து எழுதும் டுவோலிங்கோவைச் சில இடங்கள் ஏற்கும், நடுவில் கரண்ட் போகாத இடமாகப் பாருங்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புக்கான ஜிஆர்ஈ பரீட்சையைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, கேட்காத இடத்துக்காக எழுதாதீர்கள்.

9. நோக்கக் கூற்று, அதாவது ஸ்டேட்மென்ட் ஒஃப் பர்பஸ் (ஒக்டோபர், நவம்பர்)

முதல் வரைவில் எல்லோரும் 2009-இல் தொடங்குவார்கள். பங்கர், முகாம், மண்ணெண்ணெய் விளக்கு. அது உண்மை, உங்கள் உண்மை, யாரும் அதைச் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் கூற்றை வாசிப்பவர் தேடுவது நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதை. ஒன்றரைப் பக்கத்தில் ஒரு பக்கம் துயரம் என்றால் கேள்விக்கு இடமில்லை, வாசிப்பவருக்கு இரக்கம் வரும், இடம் தர மாட்டார். படிப்பு இடைநின்ற வருடங்களை விளக்க வேண்டுமென்றால் இரண்டு வரியில், தேதியோடு எழுதுங்கள். அமெரிக்காவில் சில இடங்கள் வாழ்க்கை வரலாற்றுக்குத் தனிக் கூற்று கேட்கும், அந்தக் கதைக்கு இடம் அங்கேதான்.

கேள்வியில் தொடங்குங்கள். செய்த வேலை, அதில் எது பிழைத்தது, அடுத்து என்ன, ஏன் இந்த ஆய்வுகூடம். பிழைத்ததை ஒளிக்க வேண்டாம். என் பரிசோதனையில் வேறுபாடே வரவில்லை, சொற்கள் எவ்வளவு அடிக்கடி பயன்படுகின்றன என்பதை நான் சமன் செய்யாததுதான் காரணம் என்று எழுதினேன். நேர்காணலில் அவர்கள் அதிக நேரம் கேட்டது அதைப் பற்றித்தான்.

10. சமர்ப்பிக்கும் நாள்

மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 11.59 என்றால் குளிர்காலத்தில் நமக்கு அடுத்த நாள் விடிய 4.29. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் காலை 10.29. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 5 நாள் முந்தி அனுப்புங்கள், டிசம்பர் மழையில் நம் பக்கம் கரண்டையும் சிக்னலையும் நம்ப ஏலாது.

அமெரிக்க விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்கு 100 டொலர் அளவில் வரும். கட்டண விலக்கு பல இடங்களில் உண்டு, ஆனால் கடைசித் தேதிக்குச் சில கிழமை முந்தியே கேட்க வேண்டும். வங்கி அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்டார்களா என்று முதலிலேயே பாருங்கள். கடைசி இரவில் அட்டை மறுக்கப்பட்டு, சித்தப்பாவைக் கனடாவில் எழுப்பியவன் நான்.

11. நேர்காணல் (பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரி)

சத்தமில்லாத இடம், இரண்டு சிம்மில் டேட்டா, முழுச் சார்ஜ். இணைப்பு விழுந்தால் படத்தை நிறுத்திக் குரலில் தொடரலாமா என்று கேளுங்கள், யாரும் பிழையாக எடுக்க மாட்டார்கள்.

நம் வகுப்புகளில் தெரியாது என்று சொல்வது வெட்கம். அங்கே "தெரியாது, ஆனால் இப்படிப் பரிசோதித்துப் பார்ப்பேன்" என்பதுதான் எதிர்பார்க்கிற பதில். பேராசிரியர் சொன்னதற்கு மாறுபடலாம், காரணத்தோடு. கடைசியில் உங்களிடம் கேள்வி உண்டா என்பார்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். இப்போதைய மாணவர் ஒருவரோடு கதைக்கலாமா என்று கேளுங்கள், மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்பது அவரிடம்தான் தெரியும்.

12. இடம் கிடைத்த பிறகு

அமெரிக்காவில் நிதியோடு வரும் அழைப்புகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க நேரம் தரும், முதலில் வந்ததற்கு உடனே ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். சம்பளத் தொகை, வருடங்கள், காப்புறுதி எல்லாம் எழுத்தில் வரட்டும். விசாவுக்கு அந்தக் கடிதம்தான் பெரும்பாலும் காசுக்கான ஆதாரம். அத்தாட்சிப்படுத்தல் தேவையென்றால் இப்போது எடுங்கள். பரிந்துரை எழுதிய மூவருக்கும் முடிவைச் சொல்லுங்கள், அடுத்த வருடம் உங்கள் தங்கச்சிக்கும் அவர்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.

பயணத்தின்போது மூலப் பத்திரங்களைச் சூட்கேஸில் போடாமல் கைப்பையில் வையுங்கள். ஸ்கேன் பிரதி ஒன்று அம்மாவின் ஃபோனிலும் இருக்கட்டும்.